பிளைட் சிமுலேட்டரும் மலைநாட்டுப் பார்வைத் தூரமும்

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கீழைக்காற்று வீசும்போது, கொல்லங்கோட்டிலிருந்து தெற்கே நெல்லியாம்பதி மலைகளை நோக்குவோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஒரு நாள் மலையின் மடிப்புகளும் பாறைகளும் தனித்தனியே தெரிகின்றன. மற்றொரு நாள் வானத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று மட்டுமே தென்படுகிறது. இடுக்கி எல்லையிலுள்ள போடிமெட்டிலோ மாறுதல் இன்னும் விரைவானது. கீழே சமவெளி தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும். சில நிமிடங்களுக்குள் மேகம் ஏறிவந்து, பத்தடி தூரத்துச் சாலையையும் மறைத்துவிடும்.

இந்தப் பகுதிகளிலும் இன்று மாணவர் பலர் கணிப்பொறியில் போர்விமான விளையாட்டுகளை ஆடுகின்றனர். இவற்றைப் பிளைட் சிமுலேட்டர் என்று வழங்குகிறோம். ஆட்டத்தைத் தொடங்குமுன் பார்வைத் தூரம், மூடுபனி, பார்வைக் கோணம், எதிரி விமானத்தின்மேல் தோன்றும் பெயர்ச்சீட்டு ஆகியவற்றை ஆடுபவரே அமைத்துக்கொள்ளலாம். பெயர்ச்சீட்டை நீக்கிவிட்டால் அதுவே முழு மெய்ம்மை என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து பாதியளவே சரியானது. எஞ்சிய பாதியை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில், விமானமோட்டக் கனவு காணும் இளைஞர் முதன்முதலாக வானத்தைக் கற்பது இந்தத் திரையில்தான்.

பாவனை யந்திரத்தின் தோற்றம்

விமானமோட்டும் பாவனை யந்திரம் விளையாட்டுக்காகப் பரவியதன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ஆம் ஆண்டில் ஒரு பயிற்சிப் பெட்டியை அமைத்தார். தொடக்கத்தில் அதனைப் பெரும்பாலோர் பொழுதுபோக்குப் பொருளாகவே எண்ணினர். 1934-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தரைப்படையின் விமானப் பிரிவினர் தபால் பைகளைச் சுமக்கும் பணியை ஏற்றனர்; மோசமான வானிலையில் பறந்து சில வாரங்களுக்குள் விமானிகள் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அப்பிரிவு லிங்கின் பெட்டிகள் ஆறினை வாங்கியது. வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பழக்கத்தை உண்டாக்குவதே அவற்றின் நோக்கம். ஆகவே, பார்வைத் தூரம் என்பது சிமுலேட்டரின் அழகு பற்றிய செய்தி அன்று. அந்த யந்திரம் நிலைபெறுவதற்கே அது காரணமாயிற்று.

காற்று எவ்வாறு மறைக்கிறது?

தொலைவிலுள்ள பொருள் மங்குவதற்குக் காரணம், இடையிலுள்ள காற்றில் மிதக்கும் தூசியும் புகையும் நுண்ணிய நீர்த்துளிகளும் ஒளியைச் சிதறச் செய்வதே. பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு, தூரம் கூடக் கூடக் குறைந்துகொண்டே வருகிறது. அது ஏறத்தாழ 2 சதவிகிதமாகத் தேயும் தூரத்தையே கண்ணுக்குரிய எல்லையாகக் கொள்ளலாம் என்பது, ஜெர்மானிய வானிலை அறிஞர் கோஷ்மீடர் 1924-ஆம் ஆண்டில் வகுத்த விதியின் அடிப்படையாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பார்வைத் தூரம் 20 கிலோமீட்டராக உள்ள நாளில், கரிய பொருள் ஒன்று 5 கிலோமீட்டரில் தன் ஒளி வேறுபாட்டில் சுமார் 38 சதவிகிதத்தையும், 10 கிலோமீட்டரில் சுமார் 14 சதவிகிதத்தையும், 20 கிலோமீட்டரில் 2 சதவிகிதத்தையும் மட்டுமே வைத்திருக்கிறது. போர்விமானத்துக்கோ சாம்பல் நிறம் பூசுவது வழக்கம். அதன் ஒளி வேறுபாடு தொடக்கத்திலேயே குறைவு. ஆதலால், மலை தெரியும் தூரத்தில் விமானமும் தெரியும் என்று கொள்வது தவறு. மெய்யான ஆகாயத்தில் பொருள்கள் படிப்படியாக மங்குகின்றன. குறித்த ஒரு தூரம் வரை எல்லாம் பளிச்சென்று தெரிந்து, அதற்கப்பால் சுவர் வைத்தாற்போல் மறைந்தால் அந்தக் காட்சி இயற்கைக்குப் பொருந்தாது.

திரையின் குறைபாடு

இனித் திரையைப் பற்றி ஆராய்வோம். மனிதக் கண் பகுத்துணரக்கூடிய சிறு கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இதனை ஒரு கலை என்பர். கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்திலுள்ள தேஜஸ் விமானத்தின் இறக்கை அகலம் 8.2 மீட்டர். இந்த அகலம் 28 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கலை அளவாகத் தோன்றும்.

குறுக்கே 1,920 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரையில் 90 பாகைக் காட்சியை அடக்கினால், ஒரு புள்ளியின் பங்கு சுமார் 2.8 கலை. ஆகவே, 10 கிலோமீட்டருக்கு அப்பால் அதே விமானம் ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. 60 பாகையாகக் குறைத்தால் இந்த எல்லை 15 கிலோமீட்டர்; 30 பாகையில் அது 30 கிலோமீட்டர். கண்ணின் கூர்மைக்குத் திரை ஈடாவது ஏறக்குறைய 30 பாகையில்தான். ஆனால் அப்போது ஒரு குழாய் வழியே உலகைப் பார்ப்பது போலாகி, பக்கவாட்டில் நடப்பது தெரியாமற் போய்விடுகிறது. மெய்யான விமானி கூரிய பார்வை, அகன்ற பார்வை இரண்டையும் ஒருங்கே பெற்றிருக்கிறார். திரையின் முன் இருப்பவரோ ஒன்றை விட்டே மற்றொன்றைப் பெற வேண்டும்.

இதனால் விளைவது யாது? பெயர்ச்சீட்டை நீக்கி, அகன்ற கோணத்தில் ஆடும் மாணவர், மெய்யான விமானியைவிடக் குறைந்த பார்வை உடையவராகிறார். இக்குறையை ஈடுசெய்ய, ஃபால்கன் பி.எம்.எஸ். என்னும் சிமுலேட்டரில் தொலைவிலுள்ள விமானத்தை அளவறிந்து சற்றே பெரிதாக்கிக் காட்டும் முறை உள்ளது. வேறு சிலவற்றில், விமானம் இருக்குமிடத்தில் சிறு புள்ளியொன்றை மட்டும் இடுகின்றனர். இங்கு ஒரு விந்தையும் நேரலாம். புள்ளிகள் குறைந்த பழைய திரையில் ஒவ்வொரு புள்ளியும் பெரியது. ஆகையால் விலையுயர்ந்த திரையை உடையவரைவிடப் பழைய திரையை உடையவரே எதிரியை முன்னதாகக் கண்டுவிடக் கூடும்.

காண்பதில் சில விநாடிகளே வேறுபாடு என்று எண்ணிவிடலாகாது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இரு விமானங்கள் எதிரெதிரே வருமாயின், 10 கிலோமீட்டர் இடைவெளி 22 விநாடிகளில் கடந்துவிடும்.

ஆகவே, நமக்கு வேண்டிய அளவுகோல் இதுவே: இந்தக் காற்றில், இந்தப் பொருளை, இவ்வளவு தூரத்தில் மெய்யான கண் காணுமாயின், திரையிலும் அதே தூரத்தில் அது காணப்பட வேண்டும். ஆட்டம் கடினமாயிருப்பது மெய்ம்மைக்குச் சான்றாகாது.

மலைநாட்டின் தனி இயல்பு

இதுவரை கூறியது திரை நமக்குக் குறைவாகக் காட்டுவதைப் பற்றியது. மலைநாட்டில் இதற்கு நேர்மாறான பிழையே அபாயகரமானது. அங்குத் திரை மிகுதியாகக் காட்டிவிடுகிறது. தெளிந்த வானம் என்று ஒருமுறை அமைத்துவிட்டால், ஆனைமலை முழுவதும் நாள் முழுதும் தெளிவாகவே இருக்கும். மெய்யான மலையிலோ பள்ளத்தாக்கு தெளிந்திருக்க, கணவாயின் வாய் மட்டும் மேகத்தால் அடைபட்டிருக்கலாம். ஈரக்காற்று சரிவில் மேலெழும்போது குளிர்ந்து, அந்த இடத்திலேயே மேகமாகிறது.

இதன் விலை நம் பக்கத்து மலைகளிலேயே தெரிந்தது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற விமானப்படையின் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே வீழ்ந்தது. முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட, அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தனர்; அவர்களுள் ஒருவர் ஒரு வாரம் சிகிச்சை பெற்றபின் காலமானார். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துள் புகுந்தது என்றும், விமானிக்குத் திசையுணர்வு மயக்கம் ஏற்பட்டது என்றும், யந்திரக் கோளாறு காரணமன்று என்றும் முப்படை விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு 2022 ஜனவரியில் தெரிவித்தது. இதற்கு எழுபத்தோராண்டுகளுக்கு முன், 1950 டிசம்பர் 13 அன்று, நீலகிரியில் மோதிய பயணிகள் விமானத்தில் புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் மாண்டனர். போர்விமானங்களின் எப்பகுதிக்குக் கவசம் தேவை என்பதை இரண்டாம் உலகப் போரின்போது கணித்துக் காட்டியவர் அவர்.

மேகத்துள் புகுந்தபின் திரும்பிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், 30 பாகை சாய்ந்து திரும்பும் ஹெலிகாப்டர் வந்த வழியே மீள்வதற்குச் சுமார் 1,100 மீட்டர் அகலம் வேண்டும். பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் குறைந்தால் அதனை மூடுபனி என்கிறோம். அத்தூரத்தை அதே வேகத்தில் 18 விநாடிகளில் கடந்துவிடலாம். எனவே, திரும்பும் முடிவை மேகத்தை அடையுமுன்பே எடுத்தாக வேண்டும்.

நிலத்தின் வடிவும் கவனிக்கத்தக்கது. இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்னுமிடத்தில் தேசிய மாணவர் படையின் விமான ஓடுதளம் அமைந்துள்ளது. அதன் நீளம் 650 மீட்டர். அங்கு முதல் இலகு விமானம் 2022 டிசம்பர் 1 அன்று இறங்கிற்று. முன்னர் செய்த முயற்சிகள் ஓடுதளத்தை அடுத்திருந்த மண்மேட்டினால் கைவிடப்பட்டிருந்தன. நில உயரங்களை 90 மீட்டருக்கு ஒன்றாக மட்டும் குறிக்கும் வரைபடத்தைச் சிமுலேட்டர் கொண்டிருந்தால், இத்தகைய மேடு சராசரிக் கணக்கில் தேய்ந்து மறைந்துவிடலாம். திரையில் தடையின்றி இறங்கியவர், மெய்யான ஓடுதளத்தில் முதன்முறையாக அந்த மேட்டைக் காண்பார்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனைகள்

முதற் சோதனைக்குக் கணிப்பொறி தேவையில்லை. 1 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கரும்புள்ளியை வெள்ளைத் தாளில் ஒட்டி, மாணவரைப் பின்னோக்கி நடக்கச் செய்க. 34 மீட்டரில் அது ஒரு கலை அளவாகிறது. மேலும் பின்னோக்கி நடந்தால் புள்ளி ஐயத்துக்குரியதாகிவிடும். அடுத்து, வெளிர்சாம்பல் நிறப் புள்ளியை ஒட்டிப் பார்க்க. அது முன்னதாகவே மறைவதை மாணவர் தாமே உணர்வர்.

இரண்டாவதாக, பள்ளியைச் சுற்றிலும் 1, 2, 5, 10, 20 கிலோமீட்டர் தூரங்களிலுள்ள மரம், கோபுரம், மலைமுகடு ஆகியவற்றை வரைபடத்தைக் கொண்டு தேர்ந்து ஓர் அட்டவணை செய்க. காலை, மாலை இருவேளையும் எது வரை தெரிகிறது என்று குறித்துவருக. வானிலை நிலையங்களில் கண்ணால் பார்வைத் தூரம் மதிப்பிடுவதும் இம்முறையிலேயே. அன்று கிடைத்த எண்ணைச் சிமுலேட்டரில் அமைத்து, தெரிந்த தூரத்தில் ஒரு விமானத்தை நிறுத்தி, எந்தப் பார்வைக் கோணத்தில் அது தோன்றுகிறது என்று ஒப்பிடுக. மேலே கண்ட கணக்குக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும். அந்த வேறுபாட்டளவுக்குப் பெயர்ச்சீட்டையோ புள்ளியையோ அனுமதிப்பது ஏமாற்று அன்று. திரையின் குறையைத் திருத்துவதேயாகும்.

மூன்றாவதாக, மேகத்தின் அடிமட்டத்தைக் கணவாயின் உயரத்துக்குக் கீழே அமைத்து, மாணவரைப் பள்ளத்தாக்கு வழியே பறக்கவிடுக. எதிரியை வீழ்த்தியதற்கு மதிப்பெண் இடுவது வேண்டா. எந்த இடத்தில், எத்தனை கிலோமீட்டர் முன்னதாகத் திரும்பினார் என்பதற்கே மதிப்பெண் இடுக. கணவாயைக் கடந்தவரைவிடக் காலத்தில் திரும்பியவரே இந்தச் சோதனையில் தேறியவராவார்.

சிமுலேட்டர் நல்ல ஆசிரியராகவும் கூடும். பொய்யான துணிவைப் புகட்டவும் கூடும். எது நிகழும் என்பதை அதன் அமைப்புகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. நெல்லியாம்பதி இன்று தெரிகிறதா என்று காலையில் சன்னல் வழியே நோக்கிவிட்டு அந்த எண்ணை அமைக்கப் பழகிய மாணவர், என்றேனும் மெய்யான விமானத்தில் ஏறும் நாளில், மேகத்தைக் கண்டவுடன் தம் கண்ணின் எல்லையை நினைவுகூர்வார்.