மோரிஸ் மைனருக்கு மாற்றுத் தலை

சுங்கைப் பட்டாணியில் உள்ள பாக்கார் ஆராங் இன்று தொழிற்பேட்டைக்குப் பெயர்பெற்ற இடம். ஊர்ப்பெயருக்கோ மலாய் மொழியில் ‘கரி எரித்தல்’ என்பது பொருள். கரிக்கும் மோட்டார் வண்டிக்கும் உறவு என்ன எனலாம்; ஒரு காலத்தில் நெருங்கிய உறவே இருந்தது. 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் அருமையாகிவிடவே, மலாயாவில் பஸ்களும் லாரிகளும் கரிவாயுவால் ஓடலாயின. அப்போர்க்காலத்திலேயே தமிழ்நாட்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் கரிவாயுக் கலங்களைச் செய்து வழங்கியது.

கரிவாயு பெட்ரோலைப் போல் வெப்பம் தராது. பெட்ரோலுக்கென அமைந்த இயந்திரம் அதனால் ஓடும்போது தன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கையோ, அதற்கு மேலுமோ இழந்துவிடும். ஆனால் அவ்வாயுவை மிகுதியாக நெருக்கினாலும் அது எளிதில் ‘தட்டாது’. ஆகவே இயந்திரத்தின் தலையைக் கழற்றி, அதன் அடிப்பரப்பைச் சீவிப் பூட்டினால், இழந்த ஆற்றலில் ஒரு பகுதியை மீட்கலாம். எரிபொருளுக்கு ஏற்பத் தலை அமைய வேண்டும் என்னும் இவ்வுண்மையே, பழைய கார்களுக்கு மாற்றுத் தலை பூட்டும் கலைக்கும் அடிப்படை.

தலை என்பது யாது? சிலிண்டர் எனப்படும் உருளைகளின் மேல்வாயை மூடி நிற்கும் கனத்த இரும்பு வார்ப்பு அது. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஆவி ஒடுங்கிக் கிடக்கும் எரி அறை பெரும்பாலும் இதன் அடியிலேயே குழிவாக அமைந்திருக்கும். ஆவி நுழையும் வழியும் புகை வெளியேறும் வழியும் அவற்றை மூடித் திறக்கும் வால்வுகளும் இதிலேயே உள்ளன. பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடத்தை, அது மேலே வந்தபின் எஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். விகிதம் உயர்ந்தால் அதே பெட்ரோலிலிருந்து மிகுந்த வேலை கிடைக்கும். அளவு கடந்தாலோ, தீப்பொறியால் எழுந்த சுடர் பரவி முடியும் முன்பே எஞ்சிய ஆவி தானே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டியால் அடித்தாற்போல் தாக்கும். ‘தட்டுதல்’ என்பது அதுவே. அது நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும்.

பழைய கார்களுள் மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அவ்வண்டி மலாயாச் சாலைகளில் நன்கு பழகியது. அதன் முதல் இயந்திரம் 918 கன செ.மீ. கொண்ட பக்கவால்வு வகை. வால்வுகள் உருளைக்குப் பக்கத்தில் நின்றமையால் ஆவி வளைந்து வளைந்து செல்ல நேர்ந்தது. இங்கிலாந்தில் ஆல்ட்டா நிறுவனம் அதற்கென ஓர் அலுமினியத் தலையைச் செய்து விற்றது. அதைப் பூட்டினால் அடியில் உள்ள பழைய இயந்திரமே மேல்வால்வு இயந்திரமாகிவிடும். 1952இல் ஆஸ்டின் நிறுவனத்தின் 803 கன செ.மீ. மேல்வால்வு இயந்திரம் மைனருக்கு வந்தது. 1956இல் 948, 1962இல் 1098 என அது வளர்ந்தது. இவற்றின் எரி அறை இதய வடிவினது. ஹாரி வெஸ்லேக்கின் ஆய்வில் பிறந்தது.

இந்த இயந்திரக் குடும்பம் பற்பல வண்டிகளுக்குப் பயன்பட்டதால், ஒன்றின் தலை மற்றொன்றில் பொருந்துவது போலத் தோன்றும். ஏமாற்றமும் அங்கேதான். 1098 இயந்திரத்தில் ஓர் உருளையின் பங்கு ஏறத்தாழ 274.5 கன செ.மீ. அமுக்க விகிதம் 8.5 ஆயின், பிஸ்டன் மேலே நிற்கும்போது எஞ்சும் இடம் 36.6. எம்.ஜி. 1100 வண்டியின் 12ஜி295 எண்ணிட்ட தலை, பெரிய வால்வும் நல்ல வழியும் உடையது. வெட்டாமலே மைனரில் உட்காரும். ஆனால் அதன் எரி அறை 28 கன செ.மீ. அளவினது, மைனரின் சொந்தத் தலையிலோ 26. சீவாமல் அப்படியே பூட்டினால் எஞ்சும் இடம் 38.6 ஆகி, விகிதம் 8.1க்கு இறங்கிவிடும். சிறந்த தலையை வாங்கிப் பூட்டியும் வண்டி பழையபடியே ஏறுகிறது என்று வருந்துவோர் இக்கணக்கைப் போடாதவர்களே. நான்கு கன செ.மீ. குறைத்து எஞ்சும் இடத்தை 34.6 ஆக்கினால் விகிதம் 8.9 ஆகும்.

அறையின் கொள்ளளவைக் கண்ணால் மதிப்பிட இயலாது. வால்வுகளையும் பிளக்கையும் பூட்டித் தலையைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள பியூரெட் கொண்டு மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக நிரப்பி அளத்தல் வேண்டும். நான்கு அறைகளும் ஒத்திருப்பது இன்றியமையாதது.

1275 இயந்திரத்தின் 12ஜி940 தலை இதைவிடக் கவர்ச்சியானது. இதைவிட ஆபத்தானதும் கூட. அதன் வால்வுகள் 70.6 மி.மீ. அகல உருளைக்கு ஏற்ப வைக்கப்பட்டவை. 1098இன் உருளையோ 64.58 மி.மீ. புகை வால்வு திறந்து இறங்கும்போது உருளையின் விளிம்பில் இடிக்கும். ஆகவே உருளைக் கட்டையின் மேல்விளிம்பைப் பிறைபோல் குடைய வேண்டும். குடைவு பிஸ்டனின் முதல் வளையம் வந்து நிற்கும் மட்டத்தைத் தொட்டுவிட்டால் கட்டை பாழ். தலையை வேறு வாங்கலாம். அறுபது ஆண்டுப் பழமையான கட்டையை எங்கே போய் வாங்குவது? வண்டி அன்றாடப் பயணத்துக்கே என்றால் 12ஜி295 தலையோடு நிற்பதே அறிவுடைமை. துணிந்து குடைவோர், பிளாஸ்டிசின் களிமண்ணை விளிம்பில் ஒட்டி, தலையைத் தற்காலிகமாகப் பூட்டி, இயந்திரத்தைக் கையால் சுழற்றி, அது எவ்வளவு நசுங்கியது எனப் பார்த்தல் வேண்டும். அத்தலைகளில் இரு வால்வுகளுக்கு இடைப்பட்ட இரும்பு விரிசல் விடுவதும் உண்டு. வாங்குமுன் சோதிக்கத் தவறலாகாது.

எரிபொருள் மீண்டும் இங்கே குறுக்கிடுகிறது. பழைய பெட்ரோலில் தட்டுதலைத் தடுக்க ஈயச் சேர்மம் கலந்தனர். அதன் எச்சம் புகை வால்வின் இரும்பு இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. ஈயம் நஞ்சாதலால் நாடுதோறும் விலக்கப்பட்டது. கடைசியாக அல்ஜீரியா 2021இல் விலக்கியது. காப்புப் படலம் போனபின், செந்தழலாய்க் காய்ந்த வால்வு இரும்பில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து இருக்கையைத் தேய்க்கிறது. வால்வின் இடைவெளி நாளடைவில் சுருங்குவதே இதன் அறிகுறி. தலை கழன்று பட்டறையில் கிடக்கும்போதே புகை வால்வு இருக்கைகளைக் கடைந்தெடுத்துக் கடின எஃகு வளையங்களை இறுக்கிப் பதித்துவிட்டால் இக்கவலை ஒழியும். மலேசிய நிலையங்களில் இப்போது கிடைக்கும் ரோன் 95 பெட்ரோல் ஒன்பது அளவான விகிதத்தைத் தாங்கும். பத்தை நெருங்கினால் ரோன் 97 வேண்டும். தீப்பொறி நேரத்தையும் திருத்த வேண்டும். வெப்ப நாட்டில் உள்ளே செல்லும் காற்றே சூடாக இருப்பதால் தட்டுதல் குளிர்நாட்டினும் விரைவில் தோன்றும்.

பூட்டும்போது நடுவிலிருந்து புறம்நோக்கி, சிறிது சிறிதாக, 40 பவுண்டு-அடி வரை நட்டுகளை முறுக்குவது மரபு. இயந்திரம் சூடேறி ஆறியபின் மறுமுறை முறுக்கி, வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்துக்குத் திருத்த வேண்டும். கழற்றிய பழைய தலையை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைப்பது நல்லது. பிற்காலத்தில் வண்டியை முன்போலவே ஆக்க விரும்புவோர் அதைத்தான் தேடுவர்.