விற்பதும் கொண்டு சேர்ப்பதும்: டிசைன், மார்க்கெட்டிங், அறம் பற்றிச் சில குறிப்புகள்

டிசைன் என்ற சொல்லை நம்ம பக்கம் சேலை பார்டருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். 'டிசைன் நல்லாருக்கு'ன்னா பார்க்க அழகா இருக்குன்னு அர்த்தம். டிசைன் ஆய்வுகள் என்ற துறையை வாசிக்க ஆரம்பித்ததும் முதலில் கழற்றி வைக்க வேண்டியிருந்தது இந்த அர்த்தத்தைத்தான். ஹெர்பர்ட் சைமன் 1969-ல் எழுதிய 'தி சயின்ஸஸ் ஆஃப் தி ஆர்ட்டிஃபிஷியல்' நூலில் அதை அகலமாக விரிக்கிறார். இருக்கிற நிலைமையை வேண்டிய நிலைமையாக மாற்ற வழி யோசிக்கிற எவரும் டிசைன்தான் செய்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தக் கணக்கில், எங்க ஊர்க் கண்மாய்க்கு மடை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்த ஆளும் டிசைனர்தான்.

அடுத்து அடிக்கடி வரும் சொல் 'அஃபோர்டன்ஸ்'. உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் உருவாக்கியது. டான் நார்மன் 1988-ல் அதை டிசைன் உலகத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு பொருளை என்ன செய்யலாம் என்பதை அந்தப் பொருளே காட்டிக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். குடத்தைப் பாருங்க. கழுத்தைப் பிடிக்கணும், இடுப்பில் வைக்கணும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் சொம்பைப் பற்றித்தான் அப்படி வியந்து எழுதினார்கள். 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்க அந்த அறிக்கைதான் அடித்தளம்.

மார்க்கெட்டிங் பக்கம் வந்தால் தியடோர் லெவிட் 1960-ல் எழுதிய கட்டுரை ஒன்று போதும். விற்பனை என்பது விற்பவனின் தேவையிலிருந்து தொடங்குகிறது, மார்க்கெட்டிங் என்பது வாங்குபவனின் தேவையிலிருந்து தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டினார். நம்ம ஆபீஸ்களில் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசுகிறார்கள். விக்டர் பாபனெக் 1971-ல் 'டிசைன் ஃபார் தி ரியல் வேர்ல்ட்' நூலைத் தொடங்கும்போதே தன் சொந்தத் தொழிலைத் தீங்கான தொழில்களின் வரிசையில் வைத்தார். தேவையே இல்லாத பொருளை அழகாக்கி விற்கிறோம், தேவைப்படுகிற ஏழைக்கு எதுவும் செய்வதில்லை என்பது அவர் கோபம்.

சரி, தேவைப்படுகிற ஏழைக்கு டிசைன் செய்து, அதையே நஷ்டமில்லாத தொழிலாகவும் நடத்த முடியுமா? புத்தகங்களில் இதற்கு உதாரணம் தேடிக்கொண்டே போனால், அமெரிக்கக்காரன் எழுதிய புத்தகமும் கடைசியில் மதுரை அண்ணா நகருக்கே கொண்டுவந்து விடுகிறது. அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடமே இருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத் 2004-ல் எழுதிய நூலிலும் அது வருகிறது.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களுக்கு ஏற்ப அறுவைச் சிகிச்சையை மறுபடி பழகிக்கொண்டவர். மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் எந்த ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்கிறதே, கண்புரை ஆபரேஷன் ஏன் அப்படிக் கிடைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது எல்லாரும் எழுதுகிற கதை. கதையைவிட அதன் செயல்முறைதான் எனக்குப் பிடித்தது. ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் திரும்பி உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பை நகர்த்தினால் போதும். மற்ற எல்லா வேலையும் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்த பெண்கள் கையில். இப்படி ஒரு டாக்டர் வருடத்துக்கு 2,000 அறுவை வரை செய்ய முடிகிறது. எங்க தொழிலில் 'பாட்டில்நெக்' என்போமே, அதைக் கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் சும்மா இருக்க விடாமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான்.

ஆனால் இது பாதி டிசைன். மீதிப் பாதி ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்தது. இலவசம் என்று சொன்னபிறகும் ஜனங்கள் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, பயம், 'வயசாயிருச்சு, இனிமே பார்த்து என்ன செய்யப் போறேன்' என்ற சலிப்பு, எல்லாமே தடைதான். அதனால் முகாமிலிருந்து மருத்துவமனைக்கு பஸ் விட்டார்கள், சாப்பாடு போட்டார்கள், ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்தே கூட்டிவந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்தில் படுத்திருந்தால் பயம் பாதியாகிவிடும். கண்ணாடி எழுதிக் கொடுத்தால் டவுனுக்குப் போய் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், முகாமிலேயே லென்ஸ் தேய்த்து மாட்டிக் கொடுத்தார்கள். அப்படியும் போதவில்லை. கண் பிரச்சினை உள்ளவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்தார்கள் என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தன் பெருமைக்குரிய முறையே நூற்றில் ஏழு பேரைத்தான் தொடுகிறது என்று தெரிந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் அந்தத் தாளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடும். இவர்கள் முகாமோடு நிற்காமல், சின்ன ஊர்களில் நிரந்தரமாகப் பார்வை மையங்கள் திறந்து, மருத்துவமனை டாக்டரை வீடியோவில் கொண்டுவந்தார்கள். லெவிட் சொன்ன மார்க்கெட்டிங்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. விளம்பரப் பலகை எங்கேயும் இல்லை, கவனிச்சீங்களா?

எனக்கு ரொம்பப் பிடித்தது விலை வைத்த விதம். பணம் கட்டும் பிரிவு, இலவசப் பிரிவு, இரண்டில் எதில் போவது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. வசதி உள்ளவன் ஏமாற்றிவிடுவானே என்று நம்ம மூளை உடனே கேட்கும். ஏமாற்றுபவனைப் பிடிக்க வைக்கும் வாசல் உண்மையான ஏழையையும் சேர்த்துத்தான் நிறுத்தும், வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு நாலு தடவை அலைந்தவர்களுக்கு இது புரியும். பணம் கட்டுபவர்களுக்கு அறை, ஏ.சி. மாதிரி வசதிகள், இலவசப் பிரிவில் எளிமையான ஏற்பாடு. டாக்டர்கள் இரண்டிலும் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். கட்டணம் கட்டுபவர்களின் பணத்தில் இரண்டும் நடக்கிறது.

இதற்கு நேர் எதிரான டிசைனை எங்க வீட்டிலேயே பார்த்தேன். அம்மாவின் போன் பேலன்ஸிலிருந்து மாசாமாசம் பணம் போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஜோசிய சேவையாம். "ஏப்பா, நான் எதையும் அமுக்கலையே" என்றார். அமுக்கியிருப்பார். ஏனென்றால் 'சரி' பெரிய பச்சைப் பொத்தான், 'வேண்டாம்' சாம்பல் நிறத்தில் கண்ணுக்கே தெரியாத எழுத்து. நிறுத்துவதற்கு எனக்கே முக்கால் மணி நேரம் ஆச்சு. ஹாரி பிரிக்னல் 2010-ல் இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். நம்ம மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இப்படி 13 வகைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. சந்தாப் பொறியும் அதில் ஒன்று. இதைச் செய்தவர்களுக்கு டிசைன் தெரியாமல் இல்லை. அறுபத்தெட்டு வயதுக் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அரவிந்த் அளவுக்கு அவர்களும் படித்திருக்கிறார்கள்.

அரவிந்தைக் கோயிலாக்கவும் நான் தயாரில்லை. ஆரம்ப காலத்தில் இரண்டு பிரிவுக்கும் சிகிச்சையிலேயே வித்தியாசம் இருந்தது. பணம் கட்டியவர்களுக்குக் கண்ணுக்குள் லென்ஸ். இலவசப் பிரிவில் பெரும்பாலும் லென்ஸை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி. இறக்குமதி லென்ஸ் ஒன்றுக்கு நூறு டாலர் அளவில் விலை இருந்ததுதான் காரணம். விலையைச் சாக்காகச் சொல்லி அங்கேயே நின்றிருக்கலாம். 1992-ல் ஆரோலேப் தொடங்கி அந்த லென்ஸை மதுரையிலேயே, பத்து டாலருக்குள், செய்ய ஆரம்பித்தார்கள். இன்று அது நூறு நாடுகளுக்கு மேல் போகிறது. அறத்தை அறிவிப்புப் பலகையில் எழுதுவதற்கும் தொழிற்சாலையாகக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபட்டது.

இன்னமும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பணம் கட்டுபவர்கள் பேக்கோ முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இலவசப் பிரிவில் பெரும்பாலும் கையால் செய்யும் சிறு கீறல் முறை. இது அநியாயம் இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நேபாளத்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2007-ல் வெளியான ஆய்வில் பார்வை மீள்வதில் பெரிய வேறுபாடு இல்லை. முற்றிய புரைக்குக் கைமுறையே பொருத்தம் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. ஆகவே என் பதில், அநியாயம் இல்லை என்பதுதான். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் இருப்பதே குறைதான் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.