பொறியில் மறைந்த கசிவு

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்குத் தெற்கே உள்ள ஊர் பனமலை. அங்குள்ள குன்றின்மேல் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் விளங்குகிறது. குன்றை அடுத்துப் பெரியதோர் ஏரி பரந்து கிடக்கிறது. ஏரி நிரம்பிய நாளில் பட்டறிவு மிக்க உழவர் கரையின் புறத்தே நடந்து, அதன் அடிப்பகுதியை உற்று நோக்குவது வழக்கம். மண்கரையில் சிறிது நீர் கசிதல் இயல்பே. கசியும் நீர் தெளிந்திருப்பின் அவ்விடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அப்பால் செல்வர். நீர் கலங்கி வருமாயின் உடனே மண்வெட்டியுடன் ஆட்களைக் கூவி அழைப்பர். கரையின் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்பதற்குக் கலங்கலே அடையாளம். எவ்வளவு நீர் போகிறது என்பதைக் காட்டிலும், எங்கிருந்து போகிறது, எதனைக் கொண்டு போகிறது என்பதே அங்கு முதன்மையான வினா.

ஏரிக்கரைக்குரிய இவ்வினா, அவ்வேரியின் பாசன நிலத்தை உழும் டிராக்டரின் பொறிக்கும் உரியது. அப்பொறி டீசல் எண்ணெயால் இயங்குவது. செருமானிய நாட்டுப் பொறியியலறிஞர் ருடால்ப் டீசல் என்பவர் 1892ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற விண்ணப்பித்தார். 1897இல் ஆக்சுபர்க் நகரில் அவருடைய பொறி வெற்றியுடன் இயங்கிக் காட்டியது. முன்னாளில் கிணற்றடிகளில் ஓசையிட்டு நீர் இறைத்த ஆயில் எஞ்சின்களும் இவ்வினத்தவையே. இந்நாளில் தமிழகத்துக் கிணறுகளில் பெரும்பாலும் மின்மோட்டார்களே நீர் இறைக்கின்றன. எனினும் டிராக்டர், அறுவடை எந்திரம், விசைப்படகு முதலியவற்றில் டீசல் பொறியின் ஆட்சி குன்றவில்லை.

இப்பொறிக்கு நீர் எதற்கு? சிலிண்டர் என்னும் உருளையினுள் பிஸ்டன் மேலெழும்போது காற்று மிக நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அதில் டீசல் துளிகளாகச் சீறிப் பாயும்போது, தீப்பொறி ஏதுமின்றியே பற்றிக்கொள்கிறது. அவ்வேளையில் உள்ளே எழும் வெப்பம் ஏறத்தாழ 2,000 பாகை. வார்ப்பிரும்போ 1,200 பாகையளவிலேயே உருகிவிடும். எண்ணெயிலிருந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உழைப்பாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை எவரேனும் சுமந்து செல்லாவிடின் பிஸ்டன் விரிந்து, உருளையோடு இறுகிப் பொறி பாழாகும். அச்சுமையைத் தாங்குவதே குளிர்நீரின் தொழில்.

உருளையைச் சுற்றி நீருறை என்னும் வெற்றிடம் உண்டு. வாட்டர் பம்பு அதனுள் நீரைச் செலுத்துகிறது. சூடேறிய நீர் இரப்பர்க் குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, அங்குள்ள நுண்குழல்களில் காற்றுப்பட்டு ஆறி, மீண்டும் பொறிக்குத் திரும்புகிறது. ரேடியேட்டரின் வாயை இறுக மூடியிருக்கும் மூடி, உள்ளே அழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் இருமடங்கானால் நீர் 100 பாகையில் கொதியாது. ஏறத்தாழ 120 பாகையில்தான் கொதிக்கும். நீருடன் கலக்கும் கூலன்ட் என்னும் நிறமூட்டிய நீர்மம் துருவைத் தடுக்கிறது. இச்சுற்று மூடிய சுற்று. ஆதலால், நலமுள்ள பொறியில் நீர் நாள்தோறும் குறைதல் கூடாது.

நடவுக் காலத்தில் பனமலைப் பக்கத்து உழவர் ஒருவரின் டிராக்டரில் நீர் குறைந்து வருகிறது எனக் கொள்வோம். நாற்றங்காலில் நாற்று வளர்ந்து நிற்கிறது. நாற்றின் வயது கடந்தால் நட்டபின் தூர் கட்டுவது குறையும், விளைச்சலும் குறையும். ஆதலின் அவர் விரைகிறார். காலையில் ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டு வண்டியைச் சேற்றில் இறக்குகிறார். மறுநாளும் அவ்வாறே செய்கிறார். இதனால் மூன்று கேடுகள் விளையும். கிணற்று நீரிலுள்ள உப்பும் சுண்ணமும் நீருறையில் படிந்து வெப்பம் பரவுவதைத் தடுக்கும். கூலன்ட் நீர்த்துப்போய்த் துரு ஏறும். எல்லாவற்றினும் பெரிய கேடு, போகும் நீர் எங்கே போகிறது என்ற கேள்வி கேட்கப்படாமலே போவது.

அறிந்த தொழிலாளர் இதனை முறையாக நாடுவர். முதலில் அளவு காண்பர். சூடேறிய நீர் விரியும். ஆறிய நீர் சுருங்கும். ஆகவே நாள்தோறும் விடியலில், பொறி குளிர்ந்திருக்கும்போது, சேமத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறித்துக்கொள்வர். இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சூடாக உள்ள பொறியின் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது. மூடி தளர்ந்ததும் அழுத்தம் நீங்கும். அடங்கியிருந்த நீர் நொடியில் ஆவியாகிப் பீறிட்டு, முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

அடுத்து, பொறியின் புறத்தை நன்றாகக் கழுவித் துடைப்பர். எண்ணெயும் சேறும் படிந்த பொறியில் புதிய ஈரம் தோன்றாது. பின் தரையில் உலர்ந்த வெள்ளைத்தாளை விரித்துப் பொறியைச் சிறிது நேரம் ஓடவிடுவர். தாளில் விழும் சொட்டு, தேடவேண்டிய திசையைக் காட்டும். எனினும் சொட்டு விழுந்த இடமே கசிந்த இடம் என்று முடிவு கட்டலாகாது. கூரையில் ஓரிடத்தில் நுழைந்த மழைநீர், கைம்மரத்தின் வழியே ஓடி வேறோரிடத்தில் ஒழுகுவதைப் பலரும் கண்டிருப்பர். ஆதலின் ஈரத்தின் தடத்தைப் பற்றிக் கீழிருந்து மேலே செல்லவேண்டும். ஈரம் தொடங்கும் மிக உயர்ந்த இடமே கசிவின் வாய்.

சூடான இரும்பின்மேல் கசியும் நீர் சொட்டாமலே ஆவியாகும். அங்கு ஈரத்திற்குப் பதிலாக வெண்மையாகவோ பச்சையாகவோ உலர்ந்த படிவு காணப்படும். இரப்பர்க் குழாய்களின் கிளிப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், பொறியின் பக்கத்தில் உள்ள அடைப்பு வில்லைகள் ஆகியவை முதலில் நோக்கத்தக்கவை. சில கிளிப்புகள் பொறி குளிர்ந்திருக்கையில் கசிந்து, சூடேறியதும் இறுகிவிடும். சில வெடிப்புகள் அழுத்தம் மிகும்போது மட்டும் வாய் திறக்கும். ஆகவே இருநிலையிலும் பார்த்தல் வேண்டும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளிருக்கும் தடுப்பு வளையம் தேய்ந்தால், அத்துளை வழியே நீர் சொட்டும். அறியாதார் அதனைக் குறையென எண்ணி மெழுகாலும் பசையாலும் அடைப்பதுண்டு. அத்துளை பொறியைச் செய்தோர் வேண்டுமென்றே வைத்தது. நீர் உருளைத்தாங்கிகளுக்குள் புகுந்து அவற்றைக் கெடுக்காமல் வெளியேறவும், பழுதை உரியவருக்கு அறிவிக்கவும் அது அமைந்துள்ளது. செய்தி கொண்டுவந்தவனின் வாயைக் கட்டுவதால் செய்தி பொய்யாகிவிடாது.

கண்ணுக்கு எதுவும் புலப்படாவிடின் அழுத்தச் சோதனை செய்வர். ஆறிய பொறியின் ரேடியேட்டர் வாயில், அளவுமானி பொருத்திய கைப்பம்பை இறுக்கி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை காற்றை ஏற்றுவர். கால்மணி நேரம் முள் அசையாது நின்றால் சுற்றில் பெரும்பாலும் குறை இல்லை. மூடியையே ஐயுற்றுச் சோதிக்கவேண்டும். முள் இறங்கியும் புறத்தே ஒரு துளி ஈரமும் தோன்றாவிடின், கசிவு உள்ளே ஒளிந்திருக்கிறது என்று துணியலாம்.

உள்ளே கசியும் நீரைக் காண இயலாது, கருதித்தான் அறியவேண்டும். அளவை நூலார் காட்சி, கருதல் என அறியும் வழிகளை வகுத்துள்ளனர். மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டெனத் துணிவது கருதலுக்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. டீசல் பொறியிலோ புகையைக் கண்டு நீர் உண்டெனத் துணிகிறோம்! பொறி நன்கு சூடேறிய பின்னும் புகைபோக்கியில் அடர்ந்த வெண்புகை தொடருமாயின், உருளைக்குள் நீர் புகுந்திருக்கலாம். ஆயினும், பனிமூட்டத்தைப் புகையென மயங்குவோர் நெருப்பைத் தேடி ஏமாறுவர். குளிர்ந்த காலையில் முதலில் எழும் வெண்ணிற ஆவி இயல்பானது. எரியாத டீசலும் வெண்புகையாக வரும்; அதன் காரநெடி அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆதலின் ஓர் அடையாளத்தை மற்றோர் அடையாளத்தால் உறுதிசெய்வது அறிவுடைமை.

அத்தகைய அடையாளங்கள் இரண்டு. குளிர்ந்த நிலையில் மூடியை அகற்றிப் பொறியை இயக்கும்போது, ரேடியேட்டர் வாயில் குமிழிகள் இடையறாது எழுமாயின், எரிவளி நீருறைக்குள் வருகிறது என்பது பொருள். உருளைக்கும் அதன் தலைக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கட் என்னும் மெல்லிய தகடு பழுதாகியிருத்தல் கூடும். அல்லது தலையில் வெடிப்பு இருக்கலாம். எண்ணெய் பார்க்கும் கோலை உருவிப் பார்க்கையில், எண்ணெய் கறுப்பாக இல்லாமல் பாலிட்ட காபியைப் போல் கலங்கியிருந்தால், நீர் எண்ணெயுடன் கலந்துவிட்டது. இதுவே ஏரிக்கரையில் கண்ட கலங்கல். அக்கணமே பொறியை நிறுத்தவேண்டும். நீர் கலந்த எண்ணெய் தாங்கிகளுக்கு வழுவழுப்புத் தாராது. அவை விரைவில் தேய்ந்து அழியும். உருளையினுள் நீர் தேங்கினால் கேடு இன்னும் பெரிது. காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க முடியாது. மேலெழும் பிஸ்டன் நீரில் மோத, அதனைத் தாங்கும் தண்டு வளைந்துபோகும். சில நூறு ரூபாய்த் தகட்டோடு நிற்கவேண்டிய செலவு முழுப்பொறியின் விலையை எட்டிவிடும்.

வயலில் வண்டி நின்றால் அண்டை ஊரிலிருந்து தொழிலாளரை அழைக்கலாம். கடலில் நின்றால் யாரை அழைப்பது? இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் பாய்மரப் படகில் ஆறு பெண் அதிகாரிகள் 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2018 மே 21இல் மீண்டனர். 2024 அக்டோபரில் அதே படகில் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா ஆகிய இரு அதிகாரிகள் மட்டும் சென்று, 2025 மே மாதத்தில் திரும்பினர். ஒரு துறைமுகத்திற்கும் மற்றொரு துறைமுகத்திற்கும் இடையே வாரக்கணக்கில் கடலன்றி வேறொன்றும் காணாத செலவு அது. பாய்மரப் படகைக் காற்றே செலுத்துகிறது. எனினும் துறைமுகத்தில் நுழையவும், காற்று அடங்கிய வேளையில் நகரவும், மின்கலங்களுக்கு மின்னூட்டவும் இத்தகைய படகுகளில் டீசல் பொறி வைத்திருப்பர். அங்கே படகோட்டியே பொறியின் மருத்துவர்.

படகுப் பொறியில் ரேடியேட்டருக்குப் பதிலாக வெப்பமாற்றி என்னும் கருவி பல இடங்களில் உண்டு. அதனுள் மெல்லிய உலோகக் குழல்களின் ஒருபுறம் கூலன்ட் கலந்த நன்னீரும் மறுபுறம் கடல்நீரும் ஓடும். இரண்டும் கலவாமலே வெப்பம் மட்டும் கைமாறும். உப்புநீரின் அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளத் துத்தநாகக் கட்டை ஒன்றை அதில் பொருத்துவர். அது கரைந்து தீர்ந்தபின்னும் மாற்றாவிடின் அரிப்பு குழல்களைத் தாக்கும். குழல் ஓட்டையானால் நன்னீர் கடல்நீரோடு கலந்து படகுக்கு வெளியே போய்விடும். படகின் அடித்தளம் உலர்ந்தே இருக்கும். தொட்டியில் மட்டும் நீர் குறையும். உலர்ந்த அடித்தளமே அங்கு அடையாளம். அப்போது கடல்நீர் வழியை அடைத்து, அப்பக்கத்து நீரை வடித்துவிட்டு, நன்னீர்ப் பக்கத்தில் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பர். வடித்த பக்கத்தில் நிறமுள்ள துளி தோன்றுமாயின் கள்வன் அகப்பட்டான். துளியை நாவில் வைத்துச் சுவை பார்த்தல் மட்டும் கூடாது. கூலன்ட் இனிப்பாக இருப்பினும் நஞ்சாகும்.

ஏரியாயினும் டிராக்டராயினும் படகாயினும் நாடும் முறை ஒன்றே. குறைந்ததை நிரப்புவதற்கு முன் குறைவை அளத்தல்; புறத்தே காணத்தக்கதை எல்லாம் கண்டு முடித்தல்; எஞ்சியதை அடையாளங்களால் கருதி அறிதல்; ஓர் அடையாளத்தை மற்றொன்றால் உறுதிசெய்தல்; கலங்கலைக் கண்டபின் தாமதியாமை. இம்முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு வெள்ளைத்தாளும், துடைக்கும் துணியும், ஒரு நாள் பொறுமையும் பெரும்பாலும் போதும். நாற்று காத்திருக்கையில் அந்த ஒரு நாளை ஒதுக்குவது உழவருக்கு அரிதாகவே தோன்றும். ஒதுக்காதவர் பின்னர் இழக்கும் நாள்களோ அதனினும் பல.