நடுரோட்டு அரளிக்கு என்ன வேலை?

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா, கண்ணுகளா? ஆனி, ஆடி மாதத்தில் போனால் மதுக்கரை வந்ததுமே தெரிந்துவிடும். ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அப்படி ஒரு காத்து!

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை தாழ்ந்து வழிவிடுகிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, கிடைத்த இந்தச் சந்தில் நுழைகிறது. தோட்டத்து ஓஸ் பைப்பின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பாயும்? காற்றுக்கும் அதே கதைதான். மதுக்கரை இந்தக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது.

சரி, அந்த வாசல் வழியாகவே சேலம் - கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 போகிறது. காரில் போகிற ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டை ஜன்னல் வழியே வீசுகிறார் என்று வையுங்கள். அது விழுந்த இடத்தில் கிடக்காது. கவரின் எடை சில கிராம்தான், பரப்போ பெரியது. எடை குறைந்து பரப்பு கூடினால் காற்றுக்குக் கொண்டாட்டம். லாரி ஒன்று வேகமாகப் போனால் அதன் பின்னால் சுழலும் காற்று இன்னொரு முறை தூக்கிப் போடும். வீட்டு மின்விசிறி முன்னால் ஒரு காகித உருண்டையையும் அதே அளவு காகிதத்தை விரித்தபடியும் போட்டுப் பாருங்கள். எடை ஒன்றுதான், எது தூரம் போகிறது?

பறக்கிற கவர் எங்காவது நின்றாக வேண்டுமே! சாலையில் அதைத் தடுத்து நிறுத்த இருப்பவை செடிகள்தான். நம் பக்கத்து நான்கு வழி, ஆறு வழிச் சாலைகளின் நடுத்திட்டில் பெரும்பாலும் அரளியும் காகிதப்பூவும் இருக்கும். அவற்றை அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அழகு உண்டுதான், ஆனால் முதல் வேலை வேறு. நடுத்திட்டே இல்லாத ஒரு சாலையைப் பார்த்தால் அது புரியும்.

நீலாம்பூரிலிருந்து மதுக்கரைக்கு சுமார் 28 கிலோமீட்டருக்கு ஒரு புறவழிச்சாலை உண்டு. எல் அண்ட் டி பைபாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அது நெடுங்காலம் நடுத்திட்டு இல்லாத இருவழிச் சாலையாகவே இருந்தது. ராத்திரியில் அதில் வண்டி ஓட்டிய உங்கள் அப்பாவையோ மாமாவையோ கேளுங்கள். எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணில் அடித்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டதும் கண்ணின் பாவை சட்டென்று சுருங்கும். ஆனால் மறுபடி விரிய நேரம் பிடிக்கும். விழித்திரையில் மங்கலான ஒளியைப் பார்க்க உதவும் ரோடாப்சின் என்ற நிறமியும் பளிச்சென்ற ஒளியில் வெளுத்துப்போகும். அது முழுதாகத் திரும்பி வர அரை மணி நேரம்கூட ஆகலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி 22 மீட்டர் போய்விடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நடுத்திட்டுச் செடி அந்த விளக்கொளியை மறைக்கிறது. அதனால்தான் அதை ஆள் மட்டத்துக்கு வளரவிட்டு வெட்டுகிறார்கள். வண்டிகள் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் குட்டையாக வெட்டுவார்கள். அங்கே உயரமாக இருந்தால் குறுக்கே வருபவர் தெரிய மாட்டார்.

ஏன் அரளி? ஆடு, மாடு அதை மேயாது என்பது ஒரு காரணம். வேர், தண்டு, இலை, பூ எல்லாவற்றிலும் இதயத்துடிப்பையே குலைக்கும் நஞ்சு இருக்கிறது. (நீங்களும் பறித்து வாயில் வைக்க வேண்டாம். குச்சியை ஒடித்து விளையாடவும் வேண்டாம்.) எனக்கு ரொம்பப் பிடித்த காரணம் இலையின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. இலைகள் மூச்சுவிடும் நுண்துளைகளை இலைத்துளைகள் என்கிறோம். பல செடிகளில் அவை குழி எதுவும் இல்லாமல் இலைப் பரப்பிலேயே நேராகத் திறந்திருக்கும். காற்று அடித்தால் ஈரத்தை வாரிக்கொண்டு போய்விடும். அரளியில் அப்படி இல்லை. இலையின் அடியில் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் மெல்லிய முடிகள், அந்த முடிகளுக்கு இடையே இலைத்துளைகள். வெளியே எவ்வளவு காற்று வீசினாலும் குழிக்குள் அசைவு குறைவு, ஈரம் தங்கும். வெயில், புகை, கணவாய்க் காற்று மூன்றுக்கும் நடுவில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று காத்திருக்கும் செடிக்கு இதைவிட என்ன வேண்டும்?

காகிதப்பூவிலும் ஒரு வேடிக்கை உண்டு. நாம் பூ என்று நினைக்கும் ரோஸ் நிற இதழ்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகள். நடுவில் குட்டியாக வெள்ளையாக இருப்பதுதான் பூ. அதன் கிளைகளில் முள் உண்டு, பறந்து வரும் கவர் அதில் மாட்டினால் எளிதில் விடாது.

மாட்டிய கவர் என்ன செய்யும்? இலையை மூடி வெளிச்சத்தை மறைக்கும். செடியின் காலடியில் மண்ணோடு படிந்தால் லாரித் தண்ணீர் வேருக்கு இறங்காமல் வழிந்து ரோட்டுக்குப் போகும். டீ கப்பில் மழைநீர் தேங்கினால் கொசு முட்டையிடும். மிச்சக் குப்பை மழைநீர் வடிகாலை அடைக்கும். வடிகால் அடைபட்டால் தண்ணீர் ரோட்டில் நிற்கும், வண்டி வழுக்கும்.

இதையெல்லாம் கையால்தான் பொறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் லாரி பறக்க, நடுத்திட்டில் குனிந்து வேலை செய்யும் அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போட்டிருக்கும் ஆரஞ்சு மேலங்கி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, தெரியும் ஒளியாக மாற்றி உமிழ்வதால் பகலில் அத்தனை பளிச்சென்று இருக்கிறது. அதிலுள்ள வெள்ளிப் பட்டை ராத்திரிக்கு. வண்டி விளக்கின் ஒளியை வந்த வழியிலேயே ஓட்டுநர் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். நல்ல அறிவியல்தான், ஆனாலும் ஒருவர் வீசிய கவருக்காக இன்னொருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"வாழைப்பழத் தோல் மக்கும்தானுங்களே, வீசினால் என்ன?" என்று ஒரு வாண்டு கேட்கும். மக்கும். அதற்கு முன்னால் அதன் வாசனை குரங்கையும் நாயையும் ரோட்டுக்கு இழுத்துவிடும். மதுக்கரையில் அதைவிடப் பெரியவரும் இருக்கிறார். இங்கே யானைகள் ரயில் பாதையைக் கடப்பதைக் கண்டறிய வனத்துறை 2024இல் செயற்கை நுண்ணறிவு கேமராக்களைப் பொருத்தியது. மோப்பத்துக்கு உதவும் மரபணுக்கள் நமக்குச் சுமார் 400, ஆப்பிரிக்க யானைக்கோ ஏறக்குறைய 2,000! நம் யானைக்கும் மூக்கு லேசுப்பட்டதல்ல. கவரில் ஒட்டிய உணவை அது கவரோடு தின்றுவிடும். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த கருவுற்ற பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது.

பொறுக்கிய பிளாஸ்டிக்குக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டியது. ஜல்லியை 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். பிறகு தார் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே போகாது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இரண்டாவது வழி மதுக்கரையிலேயே இருக்கிறது. 1930களில் அங்கே தொடங்கிய சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுட வேண்டும். இந்த ஆலையைப் போன்ற சிமெண்ட் ஆலைகள் நிலக்கரியோடு பிளாஸ்டிக் கழிவையும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சூட்டில் அது முழுதாக எரிந்துவிடும். சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் உருக்கி மறுபடி பயன்படுத்துவது கடினம், சிமெண்ட் சூளைக்கு அது ஆகும். ஆனால் சூளைக்கும் நிபந்தனை உண்டு. பி.வி.சி. சேர்ந்தால் அதிலுள்ள குளோரின் சூளையைக் கெடுக்கும். ஈரம் இருந்தால் அதை உலர்த்தவே சூடு வீணாகும். மண் கூடாது. வீட்டில் காயவைத்துப் பிரித்துக் கொடுத்த கவர் இந்தச் சோதனையில் தேறிவிடும். அரளி அடியில் நனைந்து, கிழிந்து, மண்ணோடு ஒட்டிய கவர் பெரும்பாலும் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது.