மதுவைக் காட்டும் சிறுநீர்ப் பரிசோதனை: பயனும் வரம்பும்

மதுவிலுள்ள எத்தனாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால், இரத்தத்திலும் மூச்சிலும் அது சில மணி நேரமே தங்குகிறது. எனினும் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான எத்தனால், எத்தில் குளுக்குரோனைடு என்னும் வேதிப்பொருளாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. அருந்திய அளவைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று நாள்கள் வரை இதைக் கண்டறியலாம் என்பதே சிறுநீர்ப் பரிசோதனையின் முதன்மையான வலிமை.

ஊசி குத்தாமல், குறைந்த செலவில் செய்யக்கூடியது என்பதால், குடிநோய் சிகிச்சையில் இருப்பவர் மீண்டும் குடிக்கத் தொடங்கியதைத் தொடக்கத்திலேயே அறிந்து உதவவும், மதுவைத் துறந்தவரின் சொல்லுக்குச் சான்று சேர்க்கவும் இது பயன்படுகிறது.

ஆனால் இந்த நுண்ணுணர்வே இதன் குறையுமாகிறது. எத்தனால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தும், கைகளில் அடிக்கடி பூசும் கிருமிநாசினியும்கூடச் சிறுநீரில் இப்பொருளைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதால், இந்த முடிவை மட்டுமே நம்பி ஒருவர்மீது நடவடிக்கை எடுக்கலாகாது என்று அமெரிக்க அரசின் போதைப் பழக்க, மனநலச் சேவைகள் நிர்வாகம் 2006-இல் எச்சரித்தது. மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்று வரம்பைத் தாழ்த்தினால் குடிக்காதவரும் சிக்கக்கூடும். 500 என்று உயர்த்தினால் சிறிதளவு குடித்தவர் தப்பக்கூடும்.

நுண்ணுயிர்களும் முடிவைத் திரிக்கின்றன. சிறுநீர்ப்பாதைத் தொற்றை உண்டாக்கும் ஈ. கோலை பாக்டீரியா எத்தில் குளுக்குரோனைடைச் சிதைத்துவிட வல்லது. எத்தனாலையே நேரடியாகத் தேடும் பரிசோதனையிலோ, சர்க்கரை மிகுந்த சிறுநீரை ஈஸ்ட் நொதிக்கச் செய்து, குடிக்காதவரைக் குடித்தவராகக் காட்டக்கூடும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கல்லீரல் மாற்றுக்காக மதிப்பிடப்பட்ட, நீரிழிவு கொண்ட பெண்ணொருவரின் சிறுநீரில் எத்தனால் திரும்பத் திரும்பத் தென்பட்டது. இரத்தத்தில் எத்தனாலும் சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடும் இல்லாததைக் கண்ட மருத்துவர்கள், அவரது சிறுநீர்ப்பையிலேயே ஈஸ்ட் சாராயத்தை உண்டாக்குவதைக் கண்டறிந்து 2020-இல் பதிவுசெய்தனர்.

மிகுதியாக நீர் குடித்துச் சிறுநீரை நீர்த்துப்போகச் செய்வதைக் சிறுநீரிலுள்ள கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். ஆயினும் மாதிரியை மாற்றிவிடாமல் தடுக்க வேறொருவர் கண்முன் சிறுநீர் கழிக்கச் சொல்வது மனிதரின் கண்ணியத்தைப் புண்படுத்துகிறது.

எவ்வளவு, எப்போது, எதனால் குடித்தார் என்பதை இப்பரிசோதனை சொல்லாது. ஆகவே ஐயத்துக்குரிய முடிவை நிறைநிறமாலை முறையால் உறுதிசெய்து, மதுவின் தடயத்தைச் சில வாரங்கள் வரை காட்டும் பாஸ்படிடில் எத்தனால் என்னும் இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டு, சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தையும் கேட்ட பின்னரே, அவரது வேலையையோ சிகிச்சையையோ பாதிக்கும் முடிவை எடுப்பது அறிவியலுக்கும் அறத்துக்கும் பொருந்தும்.