தாகம் பிந்தித்தான் வரும்

"தாகம் எடுத்தா குடிச்சுக்கிறேன் மாஸ்டர்" என்பார்கள் என் சிலம்பப் பிள்ளைகள். கம்பு சுழற்றும் மும்முரத்தில் தாகம் பிந்தித்தான் தெரியும். மதுரையில் மே மாதம் காலை ஆறு மணிக்கே பனியன் நனைந்துவிடுகிறது. அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடிப்பேன். பத்து வயதுக்காரர்கள் 100 முதல் 250 மில்லி வரை குடிக்க வேண்டும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்போம். 40 கிலோ பையன் 39.2 காட்டினால் 2 சதவீதம் போயிற்று. அந்த அளவிலேயே வேகமும் கவனமும் மங்கலாம். கவனம் பிசகினால் அடி விழுவது எதிரில் நிற்பவன் மண்டையில்.

பெண் பிள்ளைகள் குடிக்கத் தயங்குவதற்குக் காரணம் வேறு. மைதானத்தில் கழிப்பறை இருக்காது. அதைச் சரிசெய்யாமல் "தண்ணி குடிம்மா" என்று சொல்வது வெட்டிப் பேச்சு.

ஒரு மணி நேரப் பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் உப்புப் போட்ட நீர்மோர் கொடுப்பேன். கலர் பாட்டில்களுக்குக் காசு கொடுப்பதில்லை. ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆகாது, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

போட்டி நெருங்கினால் சில பெற்றோர் எடைப் பிரிவுக்காகப் பிள்ளையைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிடுகிறார்கள். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி வியர்த்து எடை குறைக்கப்போய் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தின் எடை விதிகளையே மாற்றினார்கள். நம் பிள்ளை அடுத்த பிரிவில் இறங்கட்டுமே, என்ன கெட்டுப்போகிறது?