ஓய்வுநாளும் ஒரு சட்டாம்பிள்ளையும்

நான் வாழும் சமயபுரம் மாரியம்மன் குடிகொண்ட ஊர். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி ஆகிய நாள்களில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் மக்கள் திரள்திரளாக வந்து சேர்வர். எங்கள் கடைத்தெருவுக்கு வெள்ளிக்கிழமை மாலைப்பொழுது அறுவடைக் காலம் போன்றது. அத்தகைய பொழுதில், கதிரவன் மறையுமுன்னரே கடையை அடைத்துப் பூட்டிவிட்டு வீடு செல்லும் பலசரக்கு வாணிகர் ஒருவரை நான் அறிவேன். மறுநாள் கதிரவன் மறையும் வரையில் அந்தக் கடை திறவாது. ஞாயிறன்று காலையில் முதலில் திறக்கும் கடை அதுவே. அவரோ கிறிஸ்தவர். ஞாயிறன்று கடை திறந்து சனியன்று அடைக்கும் கிறிஸ்தவரைக் கண்டு அக்கம்பக்கத்தார் வியந்தனர்.

நான் வியப்போடு நிற்கவில்லை; தவறும் செய்தேன். 2003-ஆம் ஆண்டு, நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் அவருடைய மகன் பத்தாம் வகுப்புப் படித்தான். தேர்வு நெருங்கியமையால் சனிக்கிழமைதோறும் சிறப்பு வகுப்பு வைத்தோம். அவன் மூன்று கிழமைகள் தொடர்ந்து வரவில்லை. வரவழைத்துக் கேட்டபோது, "ஐயா, சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள்" என்றான். "கிறிஸ்தவர்க்கு ஞாயிறன்றோ ஓய்வுநாள்? வகுப்புக்கு வராதிருக்க நல்ல காரணம் கண்டுபிடித்தாய்!" என்று எல்லா மாணவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. கண்கள் மட்டும் கலங்கின.

மறுநாள் அவனுடைய தந்தையார் என்னைக் காண வந்தார். "பையன் சொன்னது பொய்யன்று, ஐயா. என் பாட்டனார் நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் காலந்தொட்டு எங்கள் வீட்டில் சனிக்கிழமையே ஓய்வுநாள்" என்றார். "வெள்ளிக்கிழமை மாலை வருவாயை இழக்கின்றீர்களே?" என்றேன். "ஏழு நாளில் ஒரு நாள் எனக்குரியதன்று, ஐயா" என்றார். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியலைக் கற்றுத் தேறியவன் நான். ஆயினும், ஒரு பிள்ளை உண்மையே சொல்லியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கத் தவறினேன். அந்த வெட்கமே என்னை நூல்களை நாடச் செய்தது. அவ்வாறு நான் அறிந்ததையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

முதலில் அடிப்படையைக் காண்போம். இயேசுநாதர் யூதராகப் பிறந்தவர், யூதராகவே வாழ்ந்தவர். அவர் ஓய்வுநாளில் தொழுகைக் கூடத்துக்குச் சென்றார். பஸ்கா என்னும் விடுதலைத் திருநாளைக் கொண்டாடினார். எகிப்து நாட்டில் அடிமைப்பட்டிருந்த தம் முன்னோர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்றதை யூதர் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள் அது. அவர்கள் விரைந்து புறப்பட்டமையால் மாவு புளிக்க நேரமில்லை. ஆதலின் அன்று புளிப்பில்லாத அப்பமே உண்பர். யூதரின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை கதிரவன் மறையும்போது தொடங்கிச் சனிக்கிழமை இரவு வரையில் நீடிப்பது.

இயேசுவின் முதல் அடியார்களும் யூதர்களே. பின்னர்ப் பிற இனத்தார் பெருந்தொகையாக வந்து சேர்ந்தபோது, யூதச் சட்டங்கள் அனைத்தையும் அவர்களும் கைக்கொள்ள வேண்டுமோ என்னும் வினா எழுந்தது. வேண்டுவதில்லை என்று எருசலேமில் கூடிய தலைவர்கள் முடிவு செய்தனர். காலப்போக்கில் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையையே தங்கள் தொழுகை நாளாகக் கொண்டனர். கி.பி. 321-இல் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வுநாளாக அறிவித்தார். இங்ஙனம் தாய்வீடும் மகள்வீடும் பிரிந்தன. ஆயினும் தாய்வீட்டு வழக்கத்தை மீண்டும் நாடிய கிறிஸ்தவர் அவ்வப்போது பல நாடுகளில் தோன்றியே வந்துள்ளனர். அவர்களுள் நம் தமிழ்நாட்டார் ஒருவரின் வரலாறு அறியத்தக்கது.

திருநெல்வேலிச் சீமையில் 1823-ஆம் ஆண்டு பிறந்தவர் அருமைநாயகம். சாயர்புரத்தில் ஜி. யு. போப் நிறுவிய கல்விச்சாலையில் அவர் பயின்றார். பிற்காலத்தில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த அதே போப்தான் இவர். அருமைநாயகம் அங்கே சட்டாம்பிள்ளையாக விளங்கினார். திண்ணைப் பள்ளிக் காலத்தில் ஆசிரியருக்குத் துணையாக நின்று மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் முதல் மாணாக்கனைச் சட்டாம்பிள்ளை என்பர். அந்தப் பெயரே அவருக்கு வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிட்டது.

கற்று முடித்த சட்டாம்பிள்ளை நாசரேத்தில் ஆங்கிலத் திருச்சபையின் உபதேசியாரானார். அங்கே தலைமை வகித்த ஐரோப்பியக் குருவுக்கும் அவருக்கும் பிணக்கு மூண்டது. அவர் பதவி இழந்தார். அதே காலத்தில், 1849-இல், கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய அப்பேரறிஞரின் பெருமையை நாம் மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்நூல் தங்களை இழிவுபடுத்துகின்றது என்று நாடார் குலத்தார் உள்ளம் புண்பட்டனர். அதை மறுத்து எழுதியவர்களுள் சட்டாம்பிள்ளை முதன்மையானவர்.

இந்நிலையில் அவர் உள்ளத்தில் ஒரு வினா பிறந்தது. 'நாம் ஏற்றுக்கொண்டது கிறிஸ்துவையா, ஐரோப்பியரின் பழக்கவழக்கங்களையா? இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?' விடை காண அவர் விவிலியத்தின் மூல மொழிகளான எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் நாடினார். பழைய ஏற்பாட்டை ஊன்றிப் பயின்றார். ஐரோப்பாவின் வழியாக வந்து சேர்ந்ததை விடுத்து, ஊற்றுக்கண்ணையே சென்று காண விரும்பினார். 1857-இல் நாசரேத்தை அடுத்த மூக்குப்பீறி, பிரகாசபுரம் பகுதியில் தம் அன்பர்களோடு தனிச் சபை ஒன்று கண்டார். மக்கள் அதனை நாட்டுச் சபை என்றனர். இந்து கிறிஸ்தவ சபை என்னும் பெயரும் அதற்கு வழங்கிற்று. அயல்நாட்டுப் பொருளுதவியின்றித் தன் காலில் நிற்பதே அச்சபையின் உறுதி.

அச்சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாகப் போற்றினர். தொழுகையில் நறும்புகை இட்டனர். தரையில் வீழ்ந்து வணங்கினர். விளைச்சலின் முதற்பலனைக் கடவுளுக்குப் படைத்தனர். மோசேயின் சட்டம் கூறும் திருநாள்களையும் தூய்மை நெறிகளையும் மேற்கொண்டனர். திருவிருந்தில் புளித்த மதுவை நீக்கிப் புளியாத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தினர்.

இப்பட்டியலைக் கேட்கும்போது உங்களுக்கு ஒன்று தோன்றுகின்றதன்றோ? சாம்பிராணிப் புகை, நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து வணங்குதல், புதுக்கதிரை முதலில் இறைவனுக்குப் படைத்தல், தீட்டு, நீராட்டு, நோன்பு ஆகிய அனைத்தும் தமிழகத்தின் பல வீடுகளிலும் கோயில்களிலும் வழங்கியவை. எங்கள் சமயபுரத்தில், மாசிக் கடைசி ஞாயிறு தொட்டு இருபத்தெட்டு நாள் அம்மனே தன் மக்களுக்காகப் பச்சைப்பட்டினி நோன்பு இருக்கின்றாள் என்பது மரபு. அந்நாள்களில் சமைத்த அன்னம் படைப்பதில்லை. துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீருமே படைப்பர். நாளையும் உணவையும் இறைவன் பொருட்டு வரையறுத்துக்கொள்ளும் நெறி நமக்குப் புதிதன்று. எருசலேமை நாடிப் புறப்பட்ட சட்டாம்பிள்ளை தம் சொந்த ஊரின் தெருவுக்கே வந்து சேர்ந்தார் எனலாம். தமிழராக இருப்பதற்கும் கிறிஸ்தவராக இருப்பதற்கும் இடையே அவர் தேடிய பாலம் யூத மரபில் கிடைத்தது. அதுவே அவர் வரலாற்றின் உட்பொருள் என்று நான் கருதுகின்றேன்.

1908-இல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்னும் அமெரிக்கர் பிரகாசபுரம் வந்தார். அவர் சனிக்கிழமையைப் போற்றும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். கடல் கடந்து வந்த அவர், தாம் போற்றும் ஓய்வுநாளைத் தமக்கு முன்னரே அரை நூற்றாண்டாகப் போற்றிவந்த தமிழரை அங்கே கண்டார். அவர் பெயரால் அமைந்த பள்ளி அவ்வூரில் உண்டு. சட்டாம்பிள்ளை 1918-இல் மறைந்தார்.

சட்டாம்பிள்ளை நூலின் வழியே தேடியதை, நம் அண்டை நாடாகிய கேரளத்தில் தோமையார் கிறிஸ்தவர்கள் அடுக்களையின் வழியே காத்து வந்துள்ளனர். பெரிய வியாழன் இரவு அவர்கள் வீடுகளில் பெசஹா அப்பம் செய்வர். யூதரின் பஸ்கா என்பதற்குரிய எபிரேயச் சொல்லே பெசஹா என வழங்குகின்றது. அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிடாது ஆவியில் வேகவைத்து, அதன்மேல் குருத்தோலைச் சிலுவையை இடுவர். வெல்லமும் தேங்காய்ப்பாலும் கலந்த பெசஹாப் பால் உடன் இருக்கும். குடும்பத் தலைவர் இறைவேண்டல் செய்து அப்பத்தைப் பிட்டு, மூத்தோர் முதலாக ஒவ்வொருவருக்கும் அளிப்பார். அவ்வாண்டில் இறப்பு நேர்ந்த வீட்டில் அப்பம் செய்யும் வழக்கமில்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பர்.

வேறு சிலர் இன்னும் நெடுந்தொலைவு சென்றனர். மிசோரம், மணிப்பூர் மாநிலங்களில் கிறிஸ்தவராக இருந்தவருள் ஒரு சாரார், தாங்கள் பண்டை இஸ்ரவேலின் மனாசே குலத்தார் என்று நம்பி, யூத நெறியையே முழுமையாக மேற்கொண்டனர். 2005-இல் இஸ்ரேல் நாட்டுத் தலைமைக் குருமாருள் ஒருவர் அவர்களை அக்குலத்தின் வழிவந்தவராக ஏற்றார். ஆயிரக்கணக்கானோர் அந்நாட்டில் குடியேறியுள்ளனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். யூத மரபு பழைய ஏட்டில் மட்டும் கிடப்பதன்று. உயிருள்ள மக்களின் சொத்து. கொச்சியில் 1568-இல் எழுந்த யூதத் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கின்றது. அங்கே யூதர்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் 1948-க்குப் பின்னர் இஸ்ரேலுக்குச் சென்றனர். ஐரோப்பாவிலோ, பஸ்கா காலத்தில் யூதர்மீது பொய்ப்பழி சுமத்தி அவர்களைக் கொன்ற கொடுமை பன்முறை நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல், இயேசுவின் சாவுக்காக யூதர் அனைவரையும் பழித்தல் தகாது என்று அறிவித்தது. இக்காலத்தில் கிறிஸ்தவர் சிலர் தங்கள் ஆலயங்களிலும் இல்லங்களிலும் பஸ்கா விருந்து நடத்துகின்றனர். தங்களைத் துன்புறுத்தியோரின் வழிவந்தவர்கள் தங்கள் விருந்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றனரே என்று வருந்தும் யூதரும் உளர். ஆதலின், பிறர் மரபை நாடுவோர் விருந்தினரின் பணிவோடு நாடுதல் வேண்டும்.

இனி, நான் தொடங்கிய கதையை முடிக்கின்றேன். தந்தையார் வந்து சென்ற மறுநாள், வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லா மாணவர் முன்னிலையிலும், நான் கடிந்துகொண்டது தவறு என்று கூறினேன். பலர் அறியக் கடிந்ததைப் பலர் அறியவே திருத்துதல் முறையன்றோ? சிறப்பு வகுப்பைச் சனிக்கிழமையிலிருந்து புதன், வியாழன் மாலைகளுக்கு மாற்றினோம். வகுப்புக்கு ஒரு குறைவும் நேரவில்லை. அந்த மாணவன் தேர்ச்சி பெற்றான். ஆசிரியர் சிலர் ஓய்வான சனிக்கிழமை கிடைத்ததென்று அவனை வாழ்த்தினர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்பிலும் விடுதியிலும் உங்களுக்கு விளங்காத வழக்கம் உடைய ஒருவன் இருப்பான். உண்ணாத ஒன்றை, உழைக்காத ஒரு நாளை அவன் காத்து வருவான். நகைக்குமுன் காரணம் கேளுங்கள். அவன் சொல்லும் விடைக்குப் பின்னால் ஒரு பாட்டனாரும், அவருக்குப் பின்னால் ஒரு சட்டாம்பிள்ளையும், அவருக்கும் பின்னால் மூவாயிரம் ஆண்டுப் பழமையும் நிற்கக்கூடும். நான் அதனை நாற்பது வயதைக் கடந்த பின்னரே கற்றேன். நீங்கள் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.